வலிக்கும் தசைநாணும் விசையை நாடும் வாலிபமும்

கொசஸ்தலை ஆறு வங்கக் கடலில் சங்கமிக்கும் எண்ணூர் முகத்துவாரத்தை அடுத்து, ஒரு பக்கம் அலைகளும் மறுபக்கம் ஆலைகளும் நெருக்கி நிற்க, இரண்டிற்கும் நடுவே எஞ்சிய மணற்பரப்பில் தன் வீடுகளையும் வலைகளையும் படகுகளையும் வைத்துக்கொண்டு வாழ்ந்து வருகிறது நெட்டுக்குப்பம். 1970இல் இயங்கத் தொடங்கி 2017இல் மூடப்பட்ட அனல் மின்நிலையமும், 2001இல் திறக்கப்பட்ட எண்ணூர்த் துறைமுகமும், அவற்றைச் சூழ்ந்து எழுந்த தொழிற்சாலைகளும் இந்தக் கரையின் முகத்தோற்றத்தையே மாற்றிவிட்ட போதிலும், இங்கே பிறந்தவனுக்கு அவனுடைய சரீரமே இன்றும் முதற்பெரும் மூலதனம். ஃபைபர் படகைத் தோள்கொடுத்து அலைக்குள் தள்ளுவதும், நீரில் ஊறிக் கனத்த வலையைக் கைமாற்றிக் கைமாற்றி இழுப்பதும், மீன் கூடையைத் தூக்கிக்கொண்டு கால் புதையும் மணலில் நடப்பதும் இங்குள்ளோருக்கு அன்றாடத் தொழில். தொழில் முடிந்த மாலைப்பொழுதில் அதே மணலில் கபடியும் கால்பந்தும் ஆடுவது வாலிபர்களுக்கு அன்றாட இன்பம்.

அந்த வாலிபர்களில் ஒருவனுக்குக் காலையில் எழுந்து தரையில் ஊன்றும் முதல் சில அடிகளில் குதிகாலுக்குப் பின்புறம் சுருக்கென்று வலிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பத்து அடி நடந்தால் வலி தணிகிறது. மாலையில் ஆடும்போது உடம்பு சூடேறியதும் அடியோடு மறைந்தும் போகிறது. மறுநாட் காலை முன்னிலும் கடுமையாக வந்து நிற்கிறது. 'நரம்பு இழுத்துக்கிச்சு' என்கிறார்கள் வீட்டார். தைலம் தேய்த்து, துணி சுற்றி, இரண்டு வாரம் வீட்டில் உட்கார வைக்கிறார்கள். வலி போய்விட்டது என்று எண்ணி அவன் மீண்டும் களத்தில் இறங்கிய மூன்றாம் நாளே அது திரும்பி வந்துவிடுகிறது. இவ்வாறு ஓய்வும் ஆட்டமும் வலியுமாக ஓராண்டு, ஈராண்டு கழிந்தபின், விளையாட்டு தனக்கு விதிக்கப்படவில்லை என்று அவன் ஒதுங்கிக்கொள்கிறான். வேகமும் பலமும் துடிப்பும் நிறைந்த எத்தனையோ தேகங்கள் நம் குப்பங்களிலும் நகர்களிலும் இப்படி இருபது வயதிலேயே ஆட்டக்களத்தை விட்டு வெளியேறியிருக்கின்றன. அந்த வெளியேற்றம் பெரும்பாலும் அவசியமற்றது என்பதை எடுத்துச் சொல்லவே இதை எழுதுகிறேன்.

அவனை வருத்துவது நரம்பு அன்று, தசைநாண். தசையை எலும்போடு பிணைத்து, தசை சுருங்கும்போது பிறக்கும் விசையை எலும்புக்குக் கொண்டு சேர்க்கும் வெண்ணிறக் கட்டு அது. அதிலுள்ள நீரை நீக்கிவிட்டுப் பார்த்தால், மிஞ்சுவதில் பெரும்பகுதி கொலாஜன் என்னும் புரதமே. அந்தப் புரத இழைகள் படகுக் கயிற்றின் புரிகளைப் போல ஒன்றோடொன்று இணைந்து, இழுபடும் திசையிலேயே வரிசை வரிசையாக அமைந்திருக்கின்றன. மனித தேகத்திலுள்ள தசைநாண்களுள் மிகத் தடித்ததும் வலியதும், கெண்டைக்கால் தசையிலிருந்து குதிகால் எலும்புக்கு இறங்குகின்ற, ஏறக்குறைய 15 சென்டிமீட்டர் நீளமுள்ள குதிகால் தசைநாண்தான். பின்லாந்தைச் சேர்ந்த பாவோ கோமி என்ற ஆராய்ச்சியாளர், தாமாக முன்வந்த சிலருடைய காலில் இந்த நாணைச் சுற்றி ஒரு சிறிய அளவுக்கருவியைப் பொருத்தி அவர்களை ஓடச் சொல்லி அளந்தபோது, வேகமான ஓட்டத்தில் அந்த ஒற்றை நாண் தாங்கும் விசை உடல் எடையைப் போல் பன்னிரண்டு மடங்குக்கும் மேலாக உயர்ந்ததைக் கண்டார். ஒவ்வோர் அடிக்கும் அவ்வளவு பாரம்! கங்காருவின் தாவலும் கபடி வீரனின் பாய்ச்சலும் இந்த நாண் நொடியில் நீண்டு, நீண்டபோது சேமித்த சக்தியை அடுத்த நொடியில் திருப்பிக் கொடுப்பதால்தான் சாத்தியமாகின்றன.

இத்தனை பாரத்தைச் சுமக்கும் இந்த உறுப்புக்கு இயற்கை அளித்திருக்கும் போஷணை மிகச் சொற்பம். இரத்த ஓட்டம் குறைவு. தசை உட்கொள்ளும் பிராணவாயுவில் ஏழரையில் ஒரு பங்கைக் கொண்டே அது ஜீவிக்கிறது. ஆகையால் தசையில் ஏற்பட்ட காயம் சில வாரங்களில் ஆறிவிட, தசைநாணில் ஏற்பட்ட சிதைவு மாதக்கணக்கில் நீடிக்கிறது. இதைவிட ஆச்சரியமான ஓர் உண்மையை 2013இல் டென்மார்க் நாட்டு விஞ்ஞானிகள் வெளியிட்டார்கள். 1950களிலும் 1960களின் தொடக்கத்திலும் வல்லரசுகள் வளிமண்டலத்தில் நடத்திய அணுகுண்டுச் சோதனைகளால் காற்றிலே கதிரியக்கக் கரியின் அளவு திடீரென்று உயர்ந்து, பிறகு ஆண்டுதோறும் படிப்படியாகத் தாழ்ந்து வந்திருக்கிறது. அந்தக் கரி உணவின் வழியே ஒவ்வொருவருடைய உடம்பிலும் புகுந்து, அப்போது எந்த உறுப்பு வளர்ந்துகொண்டிருந்ததோ அதிலே பதிந்துவிட்டது. வெவ்வேறு ஆண்டுகளில் பிறந்தவர்களுடைய குதிகால் தசைநாணின் உட்பகுதியில் அந்தக் கரியை அளந்தபோது, அது அவரவர் வளர்பருவத்தில் காற்றிலிருந்த அளவையே காட்டியது. வளர்ச்சி முடியும் வயதில், அதாவது ஏறக்குறையப் பதினேழு வயதில், எந்த உள்நாண் அமைந்ததோ அதையே மனிதன் ஆயுள் முழுவதும் சுமந்து செல்கிறான். தசையைப் போலவோ தோலைப் போலவோ அது புதுப்பிக்கப்படுவதில்லை. பதினாறு, பதினேழு வயதுப் பிள்ளைகளை மிதமிஞ்சி ஓடவும் குதிக்கவும் விட்டு வலியை அலட்சியம் செய்யும் பயிற்சியாளர்கள் இந்த ஒரு செய்தியையாவது மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும்.

அப்படியானால் ஒருமுறை பழுதுற்ற நாண் பழுதுற்றதுதானா என்ற கேள்வி எழும். இங்கேதான் சென்ற நாற்பது ஆண்டுகளில் வைத்திய சாஸ்திரத்தின் கருத்து ஏறக்குறையத் தலைகீழாக மாறியிருக்கிறது. முன்பெல்லாம் இந்த வலியை அழற்சி என்று கருதி, ஓய்வும் வீக்கம் வடிக்கும் மாத்திரையும் ஊசியுமே பரிகாரம் என்று நம்பினார்கள். ஆனால் நாட்பட்ட நோயாளிகளிடமிருந்து எடுத்த திசுவை நுண்ணோக்கியில் ஆராய்ந்தபோது, வழக்கமான அழற்சிக்குரிய அடையாளங்கள் அங்கே பெரும்பாலும் காணப்படவில்லை. இழைகள் வரிசை குலைந்து, ஒழுங்கற்ற புது இரத்தக் குழாய்கள் முளைத்திருந்ததே காணப்பட்டது. பாரத்தைத் தாங்கவென்றே படைக்கப்பட்ட உறுப்பு, பாரம் மிகுந்தபோது சிதைகிறது. பாரம் அடியோடு நீங்கினாலோ மேலும் மெலிகிறது. இரண்டு வாரம் உட்கார்ந்துவிட்டு வந்தவனுக்கு மூன்றாம் நாளே வலி திரும்புவதன் காரணம் இதுதான்: அவன் ஓய்ந்திருந்த நாட்களில் வலி குறைந்தது, நாணின் பலமும் கூடவே குறைந்தது, அவனுடைய ஆட்டத்தின் வேகம் மட்டும் குறையவில்லை.

கனடாவில் வில்லியம் ஸ்டானிஷ் முதலானோர் 1980களிலேயே பாரம் கொடுக்கும் பயிற்சியால் இந்த நோயைத் தீர்க்க முயன்றிருந்தனர் என்றாலும், அந்த எண்ணத்தை உலகம் ஏற்றுக்கொள்ளும்படி செய்தது ஸ்வீடன் தேசத்து ஊமியோ நகரைச் சேர்ந்த ஹாக்கன் ஆல்ஃபிரட்சன் என்ற எலும்பு வைத்தியரின் அனுபவம். ஓட்டத்தில் பிரியமுள்ள அவருக்கே குதிகால் தசைநாணில் நாட்பட்ட வலி. அறுவைச் சிகிச்சை செய்துகொள்ள விரும்பி அவர் தம் மேலதிகாரியிடம் கேட்க, அவ்வளவு நாள் விடுப்பில் போவதற்கு அந்த அதிகாரி இணங்கவில்லை என்றும், வலியை வேண்டுமென்றே அதிகப்படுத்தி நாணை முறித்துக்கொண்டால் அறுவை தவிர வேறு வழியிராது என்று கருதி ஆல்ஃபிரட்சன் அந்தக் காலுக்குக் கடும் பாரம் கொடுத்துப் பயிற்சி செய்யத் தொடங்கினார் என்றும், முறிய வேண்டிய நாண் முறியாமல் வலிதான் நீங்கியது என்றும் அவரைப் பற்றி வழங்கும் வரலாறு கூறுகிறது. 1998இல் அவரும் அவருடைய சகாக்களும் பதினைந்து நோயாளிகளைக் கொண்டு நடத்திய பரீட்சையின் முடிவை வெளியிட்டனர். படிக்கட்டின் விளிம்பில் முன்பாதத்தால் நின்று குதிகாலை மெதுவாகக் கீழே இறக்க வேண்டும். முழங்காலை நீட்டியபடி பதினைந்து பதினைந்தாக மூன்று தடவையும், சற்று மடித்தபடி மூன்று தடவையும், காலையும் மாலையும், ஆக நாளொன்றுக்கு 180 முறை, பன்னிரண்டு வாரம். வலித்தாலும் நிறுத்தாமல், வலி நீங்கினால் முதுகில் பாரத்தை ஏற்றிக்கொண்டு செய்ய வேண்டும். பதினைவரும் மீண்டும் ஓடினார்கள்.

அதன்பின் நடந்த ஆராய்ச்சிகள் இம்முறையை இன்னும் இலகுவாக்கியிருக்கின்றன. டென்மார்க்கில் 2015இல் வெளியான ஒப்பீட்டில், நாள்தோறும் 180 முறை செய்வதற்குப் பதிலாக, வாரத்தில் மூன்றே நாள், ஏறுவதற்கு மூன்று விநாடி இறங்குவதற்கு மூன்று விநாடி என்று நிதானமாக, முதல் வாரம் பதினைந்து முறை தூக்கக்கூடிய பாரத்தில் தொடங்கி, பன்னிரண்டாம் வாரத்திற்குள் ஆறு முறை மட்டுமே தூக்க முடிகிற பெரும்பாரத்திற்கு வளர்ந்தவர்களும் அதே அளவு குணம் பெற்றார்கள். இன்னொரு முக்கியமான சங்கதியை 2007இல் காரின் சில்பர்னாகல் என்ற ஆராய்ச்சியாளர் மெய்ப்பித்தார். அவர் 38 நோயாளிகளை இரு பிரிவாக்கி இரு பிரிவினருக்கும் ஒரே விதமான பாரப் பயிற்சியைக் கொடுத்து, ஒரு பிரிவினரை மட்டும் முதல் ஆறு வாரம் ஓட்டத்தையும் குதித்தலையும் நிறுத்தச் சொன்னார். மற்றவரைத் தொடர்ந்து ஓட அனுமதித்தார். பத்து என்ற அளவில் வலி ஐந்தைத் தாண்டக் கூடாது, மறுநாட் காலைக்குள் அது தணிந்துவிட வேண்டும், வாரத்துக்கு வாரம் ஏறிக்கொண்டே போகக் கூடாது என்பனவே அவர்களுக்கு விதித்த நிபந்தனைகள். முடிவில் இரு பிரிவினரும் சமமாகவே தேறினர். விளையாட்டை விட்டவர்க்குத் தனியாக லாபம் ஒன்றும் கிட்டவில்லை. ஆண்டுக்கணக்கில் வீட்டு வாசலில் உட்கார்ந்து நண்பர்கள் ஆடுவதைப் பார்த்துக்கொண்டிருந்த ஒருவனுக்கு இதைவிடப் பெரிய ஆறுதல் என்ன இருக்க முடியும்?

ஆனால் இந்த அனுமதி வரம்பற்றது அன்று. சீன தேசத்து லியூ ஷியாங்கின் சரித்திரம் அதற்குச் சாட்சி. 2004இல் ஏதன்ஸ் நகரில் 110 மீட்டர் தடையோட்டத்தை 12.91 விநாடிகளில் முடித்துத் தங்கம் வென்று, 2006இல் லாசான் நகரில் 12.88 விநாடி என்று உலக சாதனையும் படைத்த அந்த மாவீரர், 2008இல் தம் நாட்டிலேயே நடந்த பெய்ஜிங் ஒலிம்பிக்கில் குதிகால் தசைநாண் வலியால் முதல் சுற்றிலேயே களத்தை விட்டு விலகினார். அறுவைச் சிகிச்சை செய்துகொண்டார்; திரும்பவும் உலகத்தின் முன்னணிக்கு வந்தார்; 2012இல் லண்டனில் முதல் தடையைத் தாண்டும்போதே அந்த நாண் அறுந்து விழுந்தார். ஒற்றைக் காலால் தத்தித் தத்தி எல்லைவரை சென்று கடைசித் தடையை அவர் முத்தமிட்டதைக் கண்டு மனம் கசியாதவர் இருக்க முடியாது. தடையோட்டத்தைத் தவிர வேறொன்று அவருக்கு இல்லை. ஒரு தேசமே அவரிடம் அதை எதிர்பார்த்தது. நம் குப்பத்து வாலிபனுக்கு அந்தக் கட்டாயம் கிடையாது. தன் சரீரம் எந்த விதமான விசையை மறுக்கிறது, எதை ஏற்றுக்கொள்கிறது என்று பார்த்துத் தன் களத்தை மாற்றிக்கொள்ளும் சுதந்திரம் அவனுக்கு உண்டு.

எந்த விசையை மறுக்கிறது என்பதைக் கூர்ந்து கவனிக்க வேண்டும். தசைநாணுக்குப் பெரும் பகை பாரத்தின் கனம் என்று நாம் எண்ணிக்கொண்டிருக்கிறோம். கனத்தைவிட, கண நேரத்தில் நீண்டு கண நேரத்தில் திரும்பும் அந்தத் துள்ளலும், அது ஓய்வின்றி நூற்றுக்கணக்கான தடவை தொடர்வதுமே அதை அதிகமாக வருத்துகின்றன. மெதுவாக ஏற்றப்படும் பெரும்பாரமோ அதற்கு மருந்தாகிறது. ஆகவே சடுதியில் வெளிப்படும் பேராற்றலை வேண்டும் விளையாட்டுகளிலும் எல்லாம் ஒரே ரகம் அன்று. கபடியும் கால்பந்தும் கூடைப்பந்தும் குதிகால் நாணை ஓயாமல் துள்ளச் செய்கின்றன. வெறுங்காலோடு இளமணலில் ஆடும்போது குதிகால் புதைய, நாண் இன்னும் கூடுதலாக இழுபடுகிறது. ராயபுரத்துக்கும் காசிமேட்டுக்கும் பரம்பரைச் சொத்தாகிய குத்துச்சண்டையை நான் பெரிதும் மதிக்கிறேன். ஆயினும் முன்பாதத்தில் துள்ளிக்கொண்டே நிற்பதும் மணிக்கணக்கில் கயிறு தாண்டுவதும் அதில் இன்றியமையாதவை ஆகையால், குதிகால் நாண் கெட்டவனை முதற்படியாக அங்கே அனுப்ப மாட்டேன். குறுந்தூர சைக்கிள் ஓட்டத்தில் தொடையின் முழு ஆற்றலும் வெடித்து வெளிப்படுகிறது, தரையில் மோதுவது என்பதே இல்லை. ஐம்பது மீட்டர் நீச்சலும், இருநூறு மீட்டர் துடுப்புப் படகுப் போட்டியும் அப்படியே. ஆனால் இப்பின்னிரண்டில் பாரம் தோளின் நாண்களுக்குப் போகிறது, வலை இழுத்துத் தோள் நொந்தவன் அதை யோசித்தே இறங்க வேண்டும். அடையாற்றங்கரையில் 1867இல் தோன்றிய படகுச் சங்கம் ஒன்று துடுப்புப் போட்டியை வளர்த்து வருகிறது. பிறந்தது முதல் துடுப்பைப் பிடித்து வளரும் எண்ணூர்ப் பிள்ளைகளுக்கு அந்த விளையாட்டு எட்டாமலே இருப்பது எனக்கு நெடுநாளைய மனக்குறை.

இவை எல்லாவற்றிலும் குதிகால் நாண் நொந்தவனுக்கு நான் முதலாகச் சொல்வது பளுதூக்குதல். காரணம் எளியது. அவனைக் குணப்படுத்தும் சிகிச்சையே பாரம் தூக்குவதுதான். பன்னிரண்டு வாரம் குதிகாலை உயர்த்தித் தாழ்த்தியும், தோளில் கம்பியை வைத்துக் குந்தி எழுந்தும் பழகியவன், சிகிச்சை முடியும் நாளில் அந்த விளையாட்டின் வாசலுக்கு வந்து நிற்கிறான். ஸ்நாட்ச் என்றும் கிளீன் அண்ட் ஜெர்க் என்றும் வழங்கும் இரு தூக்குகளிலும், கம்பி தரையை விட்டுக் கிளம்பித் தூக்குபவன் அதன் கீழே புகும் வரை கழிவது ஏறக்குறைய ஒரு விநாடி. அந்த ஒரு விநாடியில் தேகம் முழுவதும் திரண்டு வெடிப்பதைப் போன்ற காட்சி வேறெந்த ஆட்டத்திலும் அரிது. ஆயினும் ஒரு தூக்குக்கும் அடுத்ததற்கும் இடையே பல நிமிஷங்கள் ஓய்வு. நாணைச் சோர வைக்கும் இடைவிடாத துள்ளல் இல்லை. பளுதூக்குவோர் அணியும் காலணியின் குதி உயர்ந்திருப்பதால் ஆழக் குந்தும்போது குதிகால் நாண் மட்டுமீறி நீள்வதும் குறைகிறது. முழங்கால் சில்லுக்குக் கீழேயுள்ள நாணில் நோவு உள்ளவருக்கு இதே யோசனை பொருந்தாது. ஆழக் குந்துவதே அவர்களுக்குச் சோதனை, அவர்கள் நிதானமாகவே அணுக வேண்டும்.

இந்த விளையாட்டு தமிழர்க்குப் புதிதும் அன்று. 1978இல் எட்மன்டன் காமன்வெல்த் போட்டியில் 52 கிலோ பிரிவில் தங்கம் வென்றவர் ஏகாம்பரம் கருணாகரன். வேலூர்ச் சத்துவாச்சாரியைச் சேர்ந்த சதீஷ் சிவலிங்கம் 2014இல் கிளாஸ்கோவில் 77 கிலோ பிரிவில் ஸ்நாட்சில் 149, கிளீன் அண்ட் ஜெர்க்கில் 179, ஆக 328 கிலோ தூக்கித் தங்கம் வென்றார். 2018இல் கோல்ட் கோஸ்ட் நகருக்குப் போகும் முன்னர், தேசியப் போட்டியில் 194 கிலோவைத் தூக்க முயன்றபோது அவருடைய தொடைத் தசை காயமுற்றிருந்தது. பூரண சுகம் இன்றியே மேடையேறிய அவர், தம் கால்கள் அன்று எவ்வளவைத் தாங்கும் என்பதைக் கணித்து, 144ம் 173ம் ஆக 317 கிலோவோடு நிறுத்திக்கொண்டு மீண்டும் தங்கத்தை வென்றார். நான்காண்டுகளுக்கு முன் தூக்கியதைவிடப் பதினொரு கிலோ குறைவு, பதக்கம் அதேதான். பளுதூக்குதலில் எவ்வளவு பாரம் என்பதை வீரன் தானே குறிக்கிறான். கபடிக் களத்தில் எதிரியின் பாய்ச்சலை அவ்வாறு அளந்து வாங்க முடியாது. நோவுள்ள உடலோடு போட்டியிடுபவனுக்கு இந்தச் சலுகை மிகப் பெரிது.

தசைநாண் முற்றும் அறுந்தவர்கள்கூடத் திரும்பி வந்திருக்கிறார்கள் என்பதற்கு நம் பக்கத்து மாநிலத்துப் பாலக்காட்டின் முரளி ஸ்ரீசங்கர் உதாரணம். 2023இல் 8.41 மீட்டர் நீளம் தாண்டிய அவருக்கு, பாரிஸ் ஒலிம்பிக்குக்குச் சில மாதங்களே இருக்கையில், 2024 ஏப்ரலில் பயிற்சியின்போது முழங்கால் நாண் அறுந்தது. அறுவைச் சிகிச்சைக்கு உட்பட்டு, நடை பழகுவதிலிருந்து தொடங்கி, 2025 ஜூலையில் புனேயில் 8.05 மீட்டர் தாண்டி வெற்றியோடு மீண்டார். பெற்றோர் இருவருமே தடகளத்தில் புகழ்பெற்றவர்கள். நல்ல வைத்தியமும் நல்ல பயிற்சியும் அவருக்குக் கிடைத்தன. நெட்டுக்குப்பத்துப் பையனுக்கு இவை எப்படிக் கிடைக்கும் என்று கேட்பவர்களுக்குத் தமிழ்நாடே ஒரு மறுமொழி வைத்திருக்கிறது. குஷ்டரோகத்தால் மடங்கிப்போன விரல்களைத் தசைநாண்களை இடம் மாற்றித் தைத்து நிமிர்த்தும் அறுவை முறையை 1940களின் இறுதியில் வேலூர்க் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் வளர்த்து உலகுக்கு அளித்தவர் பால் பிராண்ட். வடசென்னைத் தொழிற்சாலைகளில் கை நசுங்கிய, விரல் நாண் அறுந்த ஏழைத் தொழிலாளர்க்கென்று ராயபுரத்தையடுத்த ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் டாக்டர் ஆர். வெங்கடசுவாமி கட்டியெழுப்பிய கைமருத்துவப் பிரிவு தேசம் முழுவதும் மதிக்கப்படுவது. நாணைப் பற்றிய ஞானத்துக்கு நம்மிடையே பஞ்சமில்லை. விளையாட்டில் நொந்தவர்கள் அதைத் தேடிப் போகாததுதான் குறை.

தேடிப் போகுமுன் செய்யத் தகாதவற்றையும் சொல்லிவிட வேண்டும். வலி உடனே நிற்க வேண்டும் என்று ஸ்டீராய்டு ஊசி போட்டுக்கொண்டு மறுவாரமே களமிறங்குவது ஆபத்து. அது தரும் சுகம் குறுகியது, நாணை அது பலவீனப்படுத்தவும் கூடும். சிப்ரோஃபிளாக்சசின், லெவோஃபிளாக்சசின் போன்ற நுண்ணுயிர்க்கொல்லி மாத்திரைகள் சிலருக்குத் தசைநாணைக் கெடுத்து அறுத்தும் விடக்கூடும் என்று அமெரிக்க அரசு 2008இலேயே கடுமையான எச்சரிக்கை விதித்தது. காய்ச்சலுக்கும் வயிற்றுப்போக்குக்கும் அவற்றை மருந்துக்கடையில் தாமாகவே கேட்டு வாங்கி விழுங்கும் வழக்கம் நம்மிடையே மிகுதி. நாண் வலி நெடுநாள் தீராமல் இருப்பவர்கள், இளைஞரானாலும், நீரிழிவுக்கும் கொழுப்புக்கும் ஒருமுறை இரத்தப் பரிசோதனை செய்துகொள்வது நல்லது. ஆட்டத்தின் நடுவே பின்னங்காலில் யாரோ உதைத்ததுபோல் உணர்ந்து, திரும்பிப் பார்த்தால் ஒருவரும் இல்லாமல், முன்பாதத்தை ஊன்றி எழும்ப முடியாமற் போனால் அது நாண் அறுந்ததன் அறிகுறி. அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும், தைலத்துக்கும் சுளுக்கு வழிப்பவருக்கும் அங்கே வேலையில்லை.

தனக்குரிய விளையாட்டைக் கண்டுகொள்வது பல சமயம் தற்செயலாக நிகழ்வதுதான். இதே வடசென்னையில், பழைய வண்ணாரப்பேட்டைப் பக்கத்தில் வளர்ந்த பவானி தேவிக்குப் பள்ளியில் விளையாட்டைத் தேர்ந்துகொள்ளும் முறை வந்தபோது மற்றவற்றில் இடம் நிறைந்துவிட்டது. எஞ்சியிருந்தது, பெயரைக்கூட அதிகம் பேர் கேட்டிராத வாட்சண்டை. மூங்கில் குச்சியை வாளாகப் பிடித்துப் பழகிய அந்தப் பெண், டோக்கியோ ஒலிம்பிக்கில் அந்தப் போட்டியில் கலந்துகொண்ட முதல் இந்தியர் ஆனார். 2023இல் சீனாவின் வூஷியில் உலக வெற்றியாளராக விளங்கிய ஜப்பானின் மிசாகி எமுராவை 15க்கு 10 என்று வென்று ஆசிய வாட்சண்டைப் போட்டியில் வெண்கலம் பெற்றார். அவருக்கு நாண் நோய் இருந்ததாக நான் சொல்லவில்லை. மின்னலெனப் பாயும் அந்த ஆட்டம் நோயுற்ற குதிகாலுக்கு ஏற்றதும் அன்று. பத்துப் பேர் கூடுகிற ஆட்டத்தில் இடமில்லாத பிள்ளைக்கு வேறொரு கதவு திறந்திருந்தது என்பதற்காகவே அவரை நினைவூட்டுகிறேன். அந்தக் கதவைத் திறந்து வைத்தது ஒரு பள்ளிக்கூடம்.

நெட்டுக்குப்பத்தில் அத்தகைய கதவைத் திறக்க வேண்டியவர்கள் யார் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. இந்தக் கரையின் ஆற்றையும் காற்றையும் மணலையும் பயன்படுத்திப் பொருளீட்டும் நிறுவனங்கள் இதைச் சுற்றிலும் இருக்கின்றன. 2013ஆம் ஆண்டின் கம்பெனிகள் சட்டம், பெரிய நிறுவனங்கள் தங்கள் மூன்றாண்டுச் சராசரி லாபத்தில் நூற்றுக்கு இரண்டு பங்கைச் சமூக நலனுக்குச் செலவிட வேண்டும் என்று விதித்து, அந்தச் செலவினங்களின் பட்டியலில் கிராமிய விளையாட்டுகளுக்கும் ஒலிம்பிக் விளையாட்டுகளுக்கும் அளிக்கும் பயிற்சியையும் சேர்த்திருக்கிறது. உப்புக்காற்றுத் தாக்காத ஒரு கூடம், மரப்பலகை பதித்த இரண்டு பளுதூக்கும் மேடைகள், நான்கு கம்பிகளும் அவற்றுக்கான தட்டுகளும், முறையாகக் கற்ற ஒரு பயிற்சியாளர், வாரத்தில் ஒருநாள் வந்து நொந்த கால்களையும் தோள்களையும் பார்த்து இன்னின்ன பாரத்தில் தொடங்கு என்று சொல்லித்தர ஓர் இயன்முறை மருத்துவர்: இவ்வளவுதான் தேவை. ஆண்பிள்ளைகளுக்கு ஒரு வேளையும் பெண்பிள்ளைகளுக்கு ஒரு வேளையும் அது திறந்திருக்க வேண்டும். எண்ணூரில் புகைபோக்கி எழுப்பிய ஒவ்வொரு நிறுவனத்தின் நிர்வாகிகளையும், இப்பகுதியின் சட்டமன்ற உறுப்பினரையும், மாநில விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தாரையும் இந்த ஒரு கூடத்துக்காகக் கேட்டுக்கொள்கிறேன். குப்பத்துப் பெரியவர்களும் பஞ்சாயத்தாரும் அதையே எழுத்து மூலமாக அவர்களிடம் கேட்க வேண்டும்.